ஒன்பது இடம் போட்ட பாஸ்கோ

பாஸ்கோவின் முட்டிகள் இரண்டும் மெல்பர்ன் மேற்குப் பக்கத்து வீடுகளிலேயே தேய்ந்து போனவை. நாற்பது வருஷம் முட்டி போட்டுத் தரைக்கம்பளம் பதித்தார். இப்போது படியிறங்கினால் எண்ணெய் போடாத கதவு மாதிரிச் சத்தம் வரும். ஆனால் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்ட நாளில், மைதானத்துக் கதவு திறந்ததும் ஓடுவார். அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கே கோபம் வரும்.

ஓடுவது இடம் போடுவதற்கு. பதினாலாம் வரிசையில், கோல் கம்பத்துக்குச் சற்று இடப்பக்கம், பச்சை வெள்ளை மஃப்ளர்கள் ஒன்பதை ஒவ்வொன்றாக விரித்து வைப்பார். கம்பளம் பதித்த கை அல்லவா, ஓரத்துக்கு ஓரம் அளந்த மாதிரி இருக்கும். பிறகு நடுவில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருப்பார். எங்களுக்காக என்றால் அம்மா, நான், இன்னும் ஆறு பேர்; சொந்தக்காரர்கள் இல்லை, ஆட்டம் சேர்த்து வைத்த கூட்டம். நாங்கள் ஆடி அசைந்து, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வருவோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரொம்ப வருஷம் அந்த இடங்களுக்குப் போட்டி போட ஆளே கிடையாது. எங்கள் ஆஷ்டன் அணி ஒரு வருஷம் இருபத்திரண்டு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தது. அந்த வருஷம் மழையில் பாதி மைதானம் காலி. கடற்பறவைகள்கூடக் கூரை இருக்கும் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. பாஸ்கோ அப்போதும் கதவு திறந்ததும் ஓடினார்.

"யாரு வந்து பிடுங்கப் போறா மாமா? பேய் வருமா?" என்று கேட்டேன்.

"வரும்டீ குரங்கு. ஜெயிக்க ஆரம்பிச்சோம்னா வரும். பேயை விட மோசமான கூட்டம் வரும்."

ஒரு தடவை எதிரணியின் சிவப்பு மஃப்ளர் ஒன்றைக் கொண்டுபோய், அவர் கழிப்பறைக்குப் போன நேரத்தில் பத்தாவதாக விரித்து வைத்தேன். திரும்பி வந்தவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு வரிசை வரிசையாகப் போய், முன்பின் தெரியாத ஆட்களிடம் எல்லாம் "இது உங்க சாமானா?" என்று விசாரித்தார். நான் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினேன். உண்மை தெரிந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. "பத்து பேரானாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதோடு அந்தச் சேட்டையை விட்டுவிட்டேன். திட்டாத ஆளிடம் சேட்டை செய்து என்ன பயன்?

அவர் நல்லவர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நோரின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நோரின் அவருடைய சொந்தத் தங்கை. முன்பு ஒன்பதில் ஒருத்தி. இடுப்பெலும்பு தேய்ந்து, மழையில் உட்கார முடியாமல், கூரை ஸ்டாண்டில் எண் போட்ட இருக்கை ஒன்றை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து பாஸ்கோவுக்கு அவள் தங்கை இல்லை, கூரைக்காரி. கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில்கூட, "அந்தக் கூரைக்காரிகிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு" என்று என் அம்மாவிடம்தான் சொல்வார். பதினைந்து வருஷமாக இதே கதை. அவள் விட்டுப்போன இடத்தில்தான் கைக்குழந்தையாக இருந்த என்னை உட்கார வைத்தார்கள்.

பிறகு அவர் சொன்னபடியே ஆனது. ஜெயிக்க ஆரம்பித்தோம். எங்கிருந்துதான் வந்தார்களோ, அவ்வளவு பேர் வந்தார்கள். புத்தம் புதுத் தொப்பி, விலைச்சீட்டு கிழிக்காத மஃப்ளர். போன செப்டம்பரில் ஆஷ்டன் கோப்பை இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டது. எங்கள் மாதிரிச் சாதாரண உறுப்பினர்களுக்குச் சீட்டு குலுக்கலில்தான். ஒன்பது பேரில் மூன்று பேருக்கு விழுந்தது. பாஸ்கோவுக்கு, அம்மாவுக்கு, குழாய் வேலை செய்யும் கீத்துக்கு. வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது.

அன்று மாலை பாஸ்கோ தன் கராஜில் எங்களைக் கூட்டினார்.

"போனா ஒன்பது பேரும் போவோம். இல்லன்னா யாரும் போக வேணாம். இங்கயே டிவியில ஒண்ணாப் பார்ப்போம்."

"பாஸ்கோ, ஐம்பத்தெட்டு வருஷம் கழிச்சு ஃபைனலுக்கு வந்திருக்கோம்" என்றார் கீத்.

"அதுக்கு? ஆறு பேரை விட்டுட்டுப் போவியா? போனா போ. கூரையிலயும் உனக்கு இடம் இருக்கு."

அவர் எதையாவது அழுத்திச் சொன்னால் நாங்கள் கேட்டுவிடுவோம். கெட்ட பழக்கம். மூன்று பேரும் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆஷ்டன் ஜெயித்தது. கடைசி சைரன் அடித்ததும் கராஜில் எல்லாரும் குதித்தோம், கட்டிப் பிடித்தோம், பீர் கொட்டியது. அம்மா மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவளுடைய சீட்டு இருந்தது. கதவு எண், வரிசை எண், இருக்கை எண், அவள் பெயர். அவளுடைய அப்பா ஒரு கோப்பையைக்கூடப் பார்க்காமல் செத்தவர். காரில் ஏறியதும் அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இனிமே அந்த ஆளுக்காக நான் எதையும் விட மாட்டேன்."

அக்டோபரில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. கூட்டம் தாங்கவில்லை, இனி திறந்தவெளி வரிசைகளுக்கும் எண் உண்டு, முந்தி வந்து இடம் பிடிப்பது கிடையாது. சேர்ந்து உட்கார விரும்புகிறவர்கள் ஒரு குழுவாகப் பதிய வேண்டும். குழுவில் மூத்த உறுப்பினருக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் நேரம் தரப்படும். பாஸ்கோ உறுப்பினராகி நாற்பத்து நாலு வருஷம். அவருக்கு முதல் நாள், முதல் மணி. கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பார்த்தியா லொரெய்ன்? இனி ஓட வேணாம். பதினாலாம் வரிசை, ஒன்பதும் நம்மது. எவனும் தொட முடியாது. நீங்க எல்லாரும் உங்க பேரை என் குழுவுல சேர்த்துடுங்க, அது போதும்."

"சரி" என்றாள் அம்மா. பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

அவர் போன பிறகு கீத்துக்கு போன் பண்ணினாள். கீத் மற்றவர்களுக்குப் பண்ணினார். ஒரே வாரத்தில் எட்டுப் பேரும் கூரை ஸ்டாண்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. விலை இரண்டு மடங்கு, ஆனால் கோப்பை ஆட்டத்துக்குச் சீட்டு நிச்சயம். எட்டில் நானும் ஒருத்தி.

"அவர்கிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"நீ சொல்லேன். உனக்குத்தான் வாய் நீளமாச்சே."

அவர் இருக்கை தேர்ந்தெடுக்க வேண்டிய செவ்வாய்க்கிழமைக்கு மூன்று வாரம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சரின் நாற்காலியில் பசை தடவியவள் நான். ஹெட்மாஸ்டர் குரலில் போன் பண்ணி அரை நாள் லீவு விடப் பார்த்தவள். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நோரினுக்கு நடந்தது எங்களுக்கும் நடக்கும் என்று எல்லாருக்கும் பயம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு வேறு பயம்.

கம்ப்யூட்டரை நம்பாத பாஸ்கோ அந்தச் செவ்வாய்க்கிழமை கிளப் அலுவலகத்துக்கே போனார். கவுண்டரில் இருந்தவள் என் அக்கா டெஸ். அங்கே நடந்ததை அவள்தான் சொன்னாள். இஸ்திரி போட்ட சட்டை. கையில் இருக்கைப் படம், அதில் ஒன்பது கட்டத்தைப் பச்சைப் பென்சிலால் நிரப்பி வைத்திருந்தார்.

"உங்க குழுவுல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றாள் டெஸ்.

"ஒன்பது பேரும்மா. நல்லாப் பாரு. உங்கம்மாவும் இருக்கா."

"பார்த்துட்டேன்."

"மெஷின் தப்புப் பண்ணியிருக்கும்."

டெஸ் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாளாம். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்னால் வரிசையில் நின்றவன் தொண்டையைக் கனைத்தான்.

"எங்க போயிருக்காங்க?"

"மாமா, நான் சொல்லக் கூடாது."

"கூரையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாஸ்கோ படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "அப்ப நடுவுல ஒண்ணு மட்டும் போடு" என்றார்.

அதன் பிறகு அவர் வரவில்லை, போனும் பண்ணவில்லை. எங்களைக் கூரைக்காரர்கள் என்று எங்காவது திட்டித் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் காதில் விழவில்லை.

மார்ச்சில் முதல் ஆட்டம். கூரைக்குக் கீழே மெத்தை வைத்த இருக்கை. இரண்டு வரிசை முன்னால் நோரின் திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? எங்கண்ணன் பேசினானா?"

"இல்ல" என்றாள் அம்மா.

"பேச மாட்டான்" என்று சொல்லி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தாள்.

எதிர்ப்பக்கம் பதினாலாம் வரிசை நன்றாகத் தெரிந்தது. நிரம்பி வழிந்தது. ஆனால் நடுவில் பாஸ்கோ இல்லை. முதல் பாதி முழுக்கத் தேடினேன். எங்கள் அணி ஏழு கோல் போட்டதாம், நான் இரண்டைத்தான் பார்த்தேன். இடைவேளை சைரன் அடித்ததும் சிப்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

அதே வரிசையின் கடைசி மூலையில் இருந்தார். கழிப்பறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவர் முட்டியை இடித்துக்கொண்டு போனார்கள். கோல் கம்பத்தை ஒரு விளம்பரப் பலகை பாதி மறைத்தது.

"உங்க இடம் நடுவுலதானே மாமா?"

"ஆமா."

"பின்ன?"

"அந்தப் பசங்க ஒன்பது பேரா வந்திருக்காங்க. எட்டுப் பேருக்கு அங்க, ஒருத்தனுக்கு மட்டும் இங்க. நடுவுல நான் உட்கார்ந்துக்கிட்டு அவங்க பேச்சுக்கு இடைஞ்சலா... மாத்திக்கிறீங்களா தாத்தான்னு கேட்டான் ஒருத்தன்." சிரிக்கப் பார்த்தார். "தாத்தாவாம்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"ஒண்ணா வந்தவங்கடீ" என்றார்.

சிப்ஸை நீட்டினேன். ஒன்றை எடுத்தார். வெகு நேரம் மென்றார்.

"அங்க உங்கம்மாவுக்கு நல்லாத் தெரியுதா?"

"எங்க? தூண் மறைக்குது மாமா. கழுத்தே சுளுக்கிக்கிச்சு."

"பொய் சொல்லாத. அந்த ஸ்டாண்டுல தூணே கிடையாது."

எனக்குப் பொய் வராத இடம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. சைரன் அடித்தது. வீரர்கள் ஓடி வந்தார்கள். நடுவில் அந்த ஒன்பது பேரும் எழுந்து நின்று கத்தினார்கள், நன்றாகத்தான் கத்தினார்கள். பாஸ்கோ என் கையிலிருந்த பொட்டலத்தை என் பக்கமாகவே தள்ளினார்.

"போ, குரங்கு. லேட்டானா உன் இடத்துல எவனாவது உட்கார்ந்துடுவான்."

கூரைக்குக் கீழே யாரும் யாருடைய இடத்திலும் உட்காருவதில்லை. அதை அவரிடம் சொல்லாமல் படியேறினேன்.