தொப்பி ஓரத்து மூன்று பூக்கள்

என் மனைவி வெள்ளித் தகட்டில் அச்செடுத்து நகை செய்கிறவள். இலை, இறகு, பின்னல் துணி, எதைக் கொடுத்தாலும் தகட்டின் மேல் வைத்து இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துவாள். அதன் ஒவ்வொரு கோடும் வெள்ளியில் பதிந்துவிடும். பொருள் மட்டும் நசுங்கிப் போகும். இரண்டாம் முறை என்பதே கிடையாது.

வெள்ளியைப் பற்றி அவளிடம் யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்குச் சமையல் என் தலையில். தனி வெள்ளி ரொம்ப மிருது, கொஞ்சம் செம்பு சேர்த்தால்தான் நிற்கும், பல நூறு வருஷத்துக்கு முன்பே நாணயம் அடித்தவர்கள் கண்ட கலவை இது என்று ஆரம்பிப்பாள். அந்தத் தகடு இறுகிக் கிடக்கும். அச்சுக்கு முன் தீயில் காட்டி இளக்க வேண்டும். மங்கலாகச் சிவப்பு ஏறினால் பதம். வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் பட்டறை ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கும்.

அன்று காலை என் தங்கை வந்தாள். பிறந்து ஏழே மாதத்தில் இறந்துபோன மகளின் தொப்பியிலிருந்து வெட்டிய ஓரம் கையில் இருந்தது. பிரசவத்துக்கு முன் அவளே பின்னியது. மூன்று பூக்கள். குழந்தையுடையது என்று மிஞ்சியது அவ்வளவுதான். அதை வெள்ளியில் பதித்துத் தரச் சொன்னாள். மகள் போனதிலிருந்து மூடிய அறையில் அவளால் இருக்க முடியாது. வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டாள். என்னிடம் இம்மியும் விட்டுக்கொடுக்காத என் மனைவி, நாத்தனாரிடம் வாய் இருந்தும் ஊமை. அந்த வெளிச்சத்திலேயே தகட்டைத் தீயில் காட்டி, ஆறியதும் பின்னலை அதன் மேல் வைத்தாள்.

உருளைகளின் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. கொஞ்சம் சுற்றியதுமே முரண்டு பிடித்தது. மனைவி நிறுத்தச் சொன்னாள். பின்னோக்கிச் சுற்றினேன். முதல் பூ நசுங்கி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

தங்கை எட்டிப் பார்க்க எழுந்துவிட்டாள். பூனைக்கு மணி கட்ட எனக்குத் தைரியமில்லை.

மனைவிதான் சொன்னாள். "ஒரு பூ போயிடுச்சும்மா. தகடு இளகல. ஜன்னலை மூடுன்னு உன்கிட்ட சொல்லத் தயங்கிட்டேன். தப்பு என்னோடது."

தங்கை அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தித் தீர்த்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

"மீதி ரெண்டும் வருமா அண்ணி?"

"வரும். ஆனா ஜன்னலை மூடணும்."

நான் எழப் போனேன். அதற்குள் தங்கையே போய் மூடினாள். கொக்கி மூன்றாம் முறைதான் மாட்டியது. இருட்டில் அவள் மூச்சிரைப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. இவள் எப்போது எழுந்து ஓடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். தகட்டில் மெல்லச் சிவப்பு ஏறியது.

ஆறவைத்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, மிச்சப் பின்னலை வைத்தாள் மனைவி. இந்த முறை கைப்பிடி முரண்டாமல் போனது. வெளியே வந்த தகட்டைத் தங்கையின் கையில் கொடுத்தாள். அவள் கட்டைவிரலால் தடவி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது நான் தப்பாப் போட்ட முடிச்சு."

மனைவி ஜன்னலைத் திறக்கப் போனாள்.

"இருக்கட்டும் அண்ணி," என்றாள் தங்கை. "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."