மலரக்கா கொடுக்காத உத்தரவு

காம்பு நீண்ட வால் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கை விரல்களால் சடை ஒன்றைத் தனியே பிரித்துப் பிடித்தபடி, வலது கையால் கொக்கி முனைக் குறோசே ஊசியை முடியின் வேருக்குள் செலுத்தி இழுக்கிறார் சிவமலர். ஊசி உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் தொண்டைக்குள் ஒரு "ம்" போடுகிறார். நாற்காலியில் இருப்பவர் எழுபதை எட்டிக்கொண்டிருக்கும் ஜமேக்கர், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீசியன். நரைத்த சடை இடுப்புவரை தொங்குகிறது.

"நோகுதே பிள்ளை?" என்று தமிழிலேயே கேட்கிறார்.

"ஓம் அக்கா," என்கிறார் எலெக்ட்ரீசியன், வந்துபோய்ப் பழகிய தமிழில், சிரித்துக்கொண்டு.

"நொந்தா ஏன் சிரிக்கிறீர்? சும்மா ஆடாமல் இரும் பாப்பம்."

லண்டன் மனோர் பார்க்கில் மீன்கடைக்கும் போன் திருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது மிஸ் பேர்ளின் சலூன். கறுப்பின மக்களின் தலைமுடிக்கென்றே உள்ள கடை. பேர்ள் ஜமேக்காவிலிருந்து சிறுவயதில் வந்தவர். முதல் நாற்காலி அவருடையது. ஜன்னலோர நாற்காலி நம்முடைய சிவமலருடையது, எல்லோருக்கும் மலரக்கா. ட்றெட்லொக்ஸ் என்று இங்கே சொல்லப்படுவதற்கு நம் வாயில் வரும் சொல் சடை. அதைத் தானாகத் திரளவிட்டால் போதும், வேலை முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். அதுதான் இல்லை. வேரில் புதுமுடி வளர வளர, அதை ஊசியால் சடைக்குள் இழுத்துப் பூட்ட வேண்டும். ஒரு தலைக்கு அரைநாள் நின்றுகொண்டே செய்கிற வேலை. அதில் மலரக்காவின் கை பேர்போன கை.

யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸுக்குப் போனவர் அவர். அங்கே ஆபிரிக்கர்களின் சலூன் ஒன்றில் தரை கூட்டச் சேர்ந்து, கூட்டுகிற சாட்டில் பின்னலைப் பார்த்துப் பழகிக்கொண்டார். லண்டனுக்கு வந்த பிறகு சடை வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பேர்ள். ஊசி பிடிக்க மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. "கொன்வென்ரிலை சிஸ்டர்மார் அடிச்சு அடிச்சு மேசைவிரிப்புப் பின்ன வைச்சவை. அப்ப அழுதனான். இப்ப அவையளை நினைச்சுக் கும்பிடுறன்," என்பார்.

பஸ்ஸில் ஏறினால் முன் சீற்றில் இருப்பவரின் உச்சந்தலையைத்தான் பார்ப்பார். "பாவம், ஆரோ இழுத்துக் கட்டிப் போட்டாங்கள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் துக்கம் விசாரிப்பார். இப்படி ஊரார் தலையெல்லாம் பார்க்கிறவருக்கு வாய்த்த கணவர் தில்லையம்பலத்தின் தலையில் பெயருக்கு ஒரு முடி கிடையாது. "கடவுள் எனக்கு வீட்டிலை ஓய்வு தந்திருக்கிறார்" என்பது மலரக்காவின் விளக்கம்.

அவருடைய கண்ணாடியின் மூலையில் உள்ளங்கையளவு முருகன் படம் ஒன்று ஒட்டியிருக்கும். தலைமுடி தொட்ட கையால் அதைத் தொடமாட்டார். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான். மற்றவர்கள் தொடவே கூடாது. பேர்ள் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். அவரும் அந்தப் படத்துக்குக் கிட்டப் போவதில்லை, தூசு தட்டும்போதுகூட அந்த மூலையை விட்டுவிடுவார். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தால் இன்னொரு கட்டளையும் உண்டு. காலையில் சேர்ச் றோட் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, சந்தனப் பொட்டோடு கடைக்கு வருவார். கழுவுவார், பின்னுவார், ஊசி போடுவார். கத்தரிக்கோலைத் தொடமாட்டார். வெள்ளிக்கிழமையில் முடி வெட்டுவது வீட்டுக்கு ஆகாது என்று நம் ஆட்கள் சொல்வதை, வாரத்தில் அதிகக் கூட்டம் வரும் நாளில், சலூனுக்குள் நின்று கடைப்பிடிக்கிற ஒரே மனுசி லண்டனில் இவராகத்தான் இருக்கவேண்டும். ஆரம்பத்தில் பேர்ள் சத்தம் போட்டாராம். இப்போது அவரே வாடிக்கையாளர்களிடம், "இன்றைக்கு அவள் வெட்டமாட்டாள், நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுகிறார்.

இந்தக் கடைக்குள் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தில்லையம்பலம் என் பழைய கூட்டாளி. போன வியாழக்கிழமை போன் எடுத்தான்.

"அண்ணை, ஒருக்கா வந்து உவள் மலரோடை கதையுங்கோ. பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிக்கிறாள். நாளையோடை வேலை போப்போகுது. நீங்கள் எழுதுறனீங்கள், சொன்னாக் கேப்பாள்."

எழுதுகிறவன் சொன்னால் யாராவது கேட்ட வரலாறு உண்டா? இருந்தாலும் கூட்டாளி கேட்டுவிட்டான். கதை இதுதான். சில மாதங்களுக்கு முன், கடைக்கு வந்த ஒரு கறுப்பின இளம் பெண் இணையத்தில் வீடியோ போட்டாள். "எங்கள் முடிக்காக எங்களைப் பள்ளிக்கூடத்தில் இருந்து அனுப்பினார்கள், வேலை தரமாட்டோம் என்றார்கள். இப்போது வெள்ளைக்காரருக்கு அது ஃபாஷன். ஆசியப் பெண் ஒருத்தி எங்கள் முடியில் காசு உழைக்கிறாள். எங்களுக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டிருந்தாள். அது பரவியது. ஜன்னலோர நாற்காலிக்கு வந்த சிலர் வராமல் போனார்கள். அப்போது பேர்ள் நடுக்கடையில் நின்று, "அவளுக்குப் பழக்கினது நான். அவளின் கை என்னுடைய கை. பிரச்சினை உள்ளவர்கள் என்னிடம் பேசுங்கள்" என்று சொன்னாராம்.

அப்படிக் காப்பாற்றிய பேர்ள் இப்போது ஒன்று கேட்கிறார். லூசி என்ற யோகா ஆசிரியை சடை போட்டுக்கொள்ள வருகிறாள், வெள்ளைக்காரப் பெண். அவள் வகுப்பிலிருந்து இன்னும் பலர் வருவார்களாம். ஆனால், "அந்த இந்து அம்மாதான் செய்யவேண்டும்" என்று கேட்டிருக்கிறாள். கடை காய்ந்துபோய்க் கிடக்கிற நேரத்தில் பேர்ள் சரியென்றுவிட்டார். மலரக்கா மாட்டேன் என்றுவிட்டார். செய்யாவிட்டால் அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கவேண்டி வரும் என்று பேர்ள் சொல்லிவிட்டார். இருவரும் முகம் பார்த்துப் பேசி நான்கு நாள்.

மறுநாள் கிங்ஸ்பரியிலிருந்து ரயில் மாறி வந்து, மேலே சொன்ன எலெக்ட்ரீசியன் எழுந்து போகும்வரை காத்திருந்து, மெதுவாகத் தொடங்கினேன். "எங்கடை ஆக்களுக்கும் சடை இருக்குத்தானே அக்கா. சிவனுக்கே இருக்கு. நேர்த்தி வைச்சு வளர்க்கிறவை எத்தினை பேர். சொல்லப்போனால் நாங்கள்தானே முதல்."

"ஆர் முதல் எண்டு பாக்கிறதுக்கு இதென்ன கவுன்சில் வீடு குடுக்கிற கியூவோ?" என்றார் தரையைக் கூட்டிக்கொண்டே. "எங்கடை சடையைக் கண்டால் சனம் கும்பிடும். இப்ப எழும்பிப் போனாரே அந்த மனுசன், அவர் முதல் வேலை கேட்டுப் போன இடத்திலை, உந்தச் சடையை வெட்டிப்போட்டு வா எண்டவங்கள். அவர் வெட்டேல்லை. வேலையும் கிடைக்கேல்லை. அந்த வீடியோப் பிள்ளை கேட்டதிலை ஒரு பிழையும் இல்லை. நான் இதிலை உழைக்கிறன்தானே. கேக்கத்தான் வேணும்."

"அப்ப பேர்ள் அவ்வளவு செய்தவ. அவ கேக்கேக்கை ஒருக்காச் செய்தால் என்ன?"

கூட்டுவதை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. "அதுதான் அண்ணை எனக்கும் நெஞ்சைப் போட்டு அரிக்குது. அவ இல்லையெண்டால் நான் இண்டைக்கும் கூட்டிக்கொண்டுதான் நிண்டிருப்பன். அவவுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறதெண்டு இங்கிலீசு வாயிலை வருகுதில்லை. ஆனா செய்யமாட்டன்."

அதோடு என் தூது முடிந்தது. மூலையில் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

லூசி வந்தாள். மெல்லிய, பயந்த முகம். தலையில் பெரிய துணி. அவிழ்த்தபோது பேர்ளே "கர்த்தாவே" என்றுவிட்டார். யாரோ சிநேகிதி வீட்டில் வைத்துப் பாதித் தலைக்கு மெழுகு போட்டு முறுக்கியிருக்கிறாள். சிக்கும் மெழுகுமாகக் கட்டிகட்டியாகத் தொங்கியது. காதுக்கு மேலே தோல் சிவந்து வீங்கியிருந்தது.

இனி அவர்கள் பேசியது ஆங்கிலம். மலரக்காவின் ஆங்கிலம் எப்படியும் யாழ்ப்பாணத் தமிழின் வழியாகத்தான் போகும், அப்படியே தருகிறேன்.

"உங்கள் முருகனா?" என்று படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள் லூசி. "நான் இதை அவமரியாதையாகச் செய்யவில்லை. ரயிலில் ஒரு கறுப்பினப் பெண் இது உன்னுடையதா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இது சிவனுடையதும்தானே? நீங்கள் செய்துவிட்டால், ஒரு இந்து அம்மா செய்தது என்று நான் சொல்லலாம். பிறகு யாரும் எதுவும் சொல்லமுடியாது."

பேர்ள் தன் நாற்காலியில் ஒரு பெண்ணின் தலைக்கு ஜெல் பூசிக்கொண்டிருந்தார். ஹேர் ட்றையர் ஓடியது.

"பிள்ளை," என்றார் மலரக்கா. "அங்கை நிக்கிறா பாரும், அவதான் எனக்குப் பழக்கினவ. இந்த வேலையிலை என்னை விடக் கெட்டிக்காரி. கடையும் அவவின்ரை. நீர் ஏன் அவவிட்டைச் செய்து தரச்சொல்லிக் கேக்கேல்லை?"

லூசியின் முகம் கழுத்துவரை சிவந்தது. பேர்ள் ட்றையரை நிறுத்தினார்.

"நீர் முடி கட்ட வரேல்லை. உத்தரவு வாங்க வந்தனீர். அவவைக் கடந்து வந்து என்னட்டை வாங்கப் பாக்கிறீர். என்ரை முருகன் லைசன்ஸ் குடுக்கிற கந்தோர் வைச்சிருக்கேல்லை. என்னட்டை அது இல்லைப் பிள்ளை. இருந்தாலும் தரமாட்டன்."

சொன்ன விதத்தில் கோபம் இல்லை. சொல்லிவிட்டுக் கையை முழங்கைவரை கழுவினார். படத்தை மெல்ல உரித்து எடுத்து, கைத்துண்டில் சுற்றி, ஹாண்ட்பாக்கில் வைத்து, பாக்கைக் கண்ணாடிக்குக் கீழிருந்த தட்டில் வைத்தார். குறோசே ஊசிகளைப் பென்சில் பெட்டிக்குள் அடுக்கினார். கோட்டை எடுத்து ஒரு கையைப் போட்டார். தில்லையம்பலத்துக்கு நான் என்ன சொல்வேன்?

"மிஸ் பேர்ள், நீங்கள் எனக்குச் செய்ததை நான் சாகுமட்டும் மறக்கன். ஆனா இதை ஏலாது. நாற்காலியை ஆருக்கெண்டாலும் குடுங்கோ."

மலரக்கா மறு கையைக் கோட்டுக்குள் விடப்போனவர், லூசியின் காதுக்கு மேலிருந்த வீக்கத்தைப் பார்த்தார். கிட்டக் குனிந்து பார்த்தார்.

"உது எத்தினை நாளா நோகுது?"

"ஒரு கிழமையாக. இரவில் படுக்க முடியவில்லை," என்றாள் லூசி. அழத் தொடங்கியிருந்தாள்.

"வெட்டிவிட வேண்டியதுதான்," என்றார் பேர்ள். "வேறு வழி இல்லை."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்றார் மலரக்கா.

போட்ட ஒரு கையையும் கோட்டிலிருந்து உருவினார். "கட்டித் தரமாட்டன் பிள்ளை. அவிழ்த்துத் தாறன். ஒரு மயிரும் அறாது. சம்மதமே?"

லூசி தலையாட்டினாள். மலரக்கா அவள் தலைக்கு எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, நுனியிலிருந்து ஒவ்வொரு மயிராகப் பிரிக்கத் தொடங்கினார். என்னைக் கூப்பிட்டுக் கையில் கிளிப் பெட்டியைத் தந்தார். "சும்மா குந்தியிருக்காமல் இதைப் பிடியுங்கோ." பிடித்தேன். ஒரு கட்டி அவிழ வெகுநேரம் எடுத்தது. அவர் அவசரப்படவில்லை. தன் தலையை ஒப்படைத்துவிட்ட லூசியின் தோள் மெல்ல மெல்லத் தளர்ந்தது. இடையில் ஒருதரம் அவள், பேர்ள் நின்ற பக்கம் திரும்பாமலே, "மன்னியுங்கள்" என்றாள். பேர்ள் "ம்" என்றார்.

பேர்ளின் வாடிக்கையாளர் எழுந்து போனார். பேர்ள் கையைத் துடைக்காமல் ஜன்னலோர நாற்காலிக்கு வந்தார். தட்டில் இருந்த ஹாண்ட்பாக்கைக் கேட்காமல் திறந்தார். கைத்துண்டைப் பிரித்து முருகனை வெளியே எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் படத்தைத் தொட்டது அன்றைக்குத்தான். பழைய மூலையில் வைத்தார். பசை காய்ந்திருந்தது, ஒட்டவில்லை. பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குச் சனிக்கிழமை," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "உன்னுடைய தலைகளை எல்லாம் நானா பார்ப்பது? நேரத்துக்கு வா."

விரலை எடுத்தபோது படம் நின்றது, கொஞ்சம் சாய்வாக. முருகனின் முகத்தில் பேர்ளின் பெருவிரல் அளவுக்கு ஜெல் அப்பியிருந்தது. அதற்குள் ஒரு சுருண்ட முடியும்.

மலரக்கா பார்த்தார். தண்ணீர்க் குழாய் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. என் பிடியில் இருந்த கிளிப் பெட்டியை நானே கீழே வைத்தேன், அவர் கையைக் கழுவிவிட்டுப் படத்தைத் துடைப்பார் என்று.

அவர் கழுவப் போகவில்லை. வால் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடுத்த சிக்கை எடுத்தார்.