கன்னிமூலையில் ஒரு ஜன்னல்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு இருக்கிறது. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் படுக்கையறைக்குள் வந்து, அங்கிருந்து குளியலறைக்குள் நுழைந்து, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். வென்டிலேட்டர் கண்ணாடி வழியாக ஒரு வேப்பமரமும் அரை வாகைமரமும் தெரியும். கொஞ்சம் உயரமானவராக இருந்தால் முழு வாகையும் தெரியும். வந்த விருந்தாளிகளை ஒவ்வொருவராக இப்படி உள்ளே அனுப்பியிருக்கிறேன். வெளியே வந்து, "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கால் துடைப்பார்கள்.

இதற்கு முன்னால் ஊருக்கு நடுவே நெரிசலான மண்டி மொஹல்லாவில் பதினேழு வருடம் வாடகைக்கு இருந்தோம். அங்கே எங்கள் படுக்கையறைக்கு ஜன்னல் இருந்தது. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம். மழைக்காலத்தில் அதில் பாசி படியும். எங்கள் குடும்பத்துக்கு இயற்கைக் காட்சி என்பது அதுதான். அந்தச் சுவரைப் பார்த்தபடியே தினமும் எழுந்து, என்றைக்காவது சொந்த வீடு வாங்கினால் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமாவது நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பெரிய ஹால், மாடுலர் கிச்சன் எதுவும் நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரு ஜன்னல்.

ஊருக்கு வெளியே புதிய லேஅவுட்டில் கடைசி வரிசை வீடு ஒன்றைத் தரகர் காட்டினார். நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், மேற்குச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பெரிய ஜன்னலைத் திறந்துவிட்டார். உண்ணிச்செடிப் புதர், வேம்பு, வாகை, பாறைமேல் ஒரு மயில். மயிலுக்கும் கமிஷன் உண்டோ என்னவோ, சரியாக அந்த நேரத்தில் தோகையை இழுத்துக்கொண்டு நடந்தது.

"நோடி சார், பாருங்க, பின்னாடி பூரா ஃபாரஸ்ட் ஜாகா. ஜென்மத்துக்கும் அங்க வீடு வராது. இந்த ஜன்னலுக்கே துட்டு குடுக்கலாம்."

கொடுத்தேன். முன்வரிசை வீடுகளைவிட இது விலை அதிகம். நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவன், குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவன் அந்த வீட்டில் ஒரு குழாயைக்கூடத் திருகிப் பார்க்கவில்லை.

பத்திரப்பதிவு முடிந்த மறுநாள் என் மனைவியின் அண்ணன் வீடு பார்க்க வந்தார். ஓய்வு பெற்ற பிறகு வாஸ்து படித்தவர். படித்தவர் என்றால், போனில் வீடியோ பார்த்தவர். அதே போனைக் கையில் ஏந்தி, திசைகாட்டியைப் பார்த்தபடி அறை அறையாக நடந்தார். படுக்கையறை ஜன்னலுக்கு முன்னால் நின்றார். மயில் அன்றும் வந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"மாப்பிள்ளை, இது கன்னிமூலை."

"ஆமா மச்சான். காடு எப்படி இருக்கு பாருங்க."

"காடு கெடக்கட்டும். தென்மேற்கு கனமா, அடைச்சாப்ல இருக்கோணும். இத்தாப் பெரிய ஓட்டைய வெச்சுட்டு எப்படிக் குடியிருப்பீங்க? குடும்பத் தலைவனுக்கு ஆகாது."

குடும்பத் தலைவன் என்று எங்கள் வீட்டில் யாரையாவது சொல்வார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடமாகக் கிடைக்காத பட்டம், சாவதற்குத் தகுதி வேண்டிய நேரத்தில் கிடைத்தது. நான் சிரித்தேன். என் மனைவி அழுதுவிட்டாள்.

அவள் அழுததும் ஒப்புக்கொண்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அவளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று தொழிற்சாலையில் சொன்னேன், உறவினர்களிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்று மச்சானைப் பற்றி ஒரு வருடம் பேசித் தீர்த்தேன்.

ஜன்னலை அடைக்க வந்த மேஸ்திரி, காட்டோரக் கிராமமான கௌதள்ளிக்காரர். எங்கள் பக்கத்துத் தமிழ் பேசுகிற மனிதர். சட்டத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சிமெண்டுக் கல்லை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க சார், இந்தக் காட்டப் பாக்கறதுக்கா காசு குடுத்தீங்க?"

"ஆமாங்க."

"எங்கூர்ல காட்டுப் பக்கம் சன்னலே வெக்கறதில்லீங்க. ஆனை தும்பிக்கைய உள்ள உட்டு அரிசி மூட்டையத் தூக்கிரும்."

காட்டோரம் பிறந்தவர் காட்டுக்குப் பயந்து சுவர் வைக்கிறார், சரி. இங்கே வெறும் மயிலும் கௌதாரியும்தான். நான் எதற்குப் பயந்து சுவர் வைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாலைக்குள் பூச்சும் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் கனம் வேண்டும் என்று மச்சான் சொன்னதால் இரும்புப் பீரோவை அங்கேயே வைத்தோம். காட்டைப் பார்த்த முதல் வரிசையில் எங்கள் பட்டுப்புடவைகள் உட்கார்ந்தன.

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். ஆனால் மாடியிலும் கன்னிமூலைதான் உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டுமாம். தண்ணீர்த் தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மிச்சமிருந்த இடத்தை வெந்நீருக்கான சோலார் தகடுகள் பிடித்துக்கொண்டன. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரையும் இரண்டடி உயர்த்தியாயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதை இவ்வளவு திட்டமிட்டுச் செய்த குடும்பம் வேறு இருக்காது என்று நினைத்தேன்.

அப்படியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லேஅவுட்டைச் சுற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். எங்கள் வரிசையில் பதினொரு வீடு. பதினொன்றும் காட்டுக்கு முதுகைக் காட்டி நின்றன. ஆறு வீடுகளில் ஜன்னல் அளவுக்குப் புதிய பூச்சு, கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போட்ட மாதிரி. ஒவ்வொன்றின் மாடியிலும் அதே மூலையில் கறுப்புத் தொட்டி. எல்லோருக்கும் ஒரு மச்சான் இருந்திருக்கிறார். இவர்கள்தான் இயற்கையோடு வாழ வந்திருப்பதாக எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயரிலேயே எழுதி வைத்திருப்பவர்கள். அந்தக் குழுவில் அதிகம் வரும் புகார், விடியற்காலையில் மயில் கத்துகிறது என்பது.

நான் குளியலறைக்குத் திரும்பினேன். காலையில் பல் துலக்கும்போது ஐந்து நிமிடம், வேலை முடிந்து வந்து கால் கழுவும்போது ஐந்து நிமிடம். வேம்பு பூப்பதை அங்கே நின்றுதான் பார்த்தேன். சொன்னால் வெட்கம், அந்தப் பத்து நிமிடமும் சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் உள்ளே போனபோது பக்கெட் ஏற்கனவே கவிழ்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கதவைத் தட்டாமல் திறந்தேன். என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கெட்டின்மேல் நின்றிருந்தாள்.

"ஷ்ஷ். வேம்புல குஞ்சு பொரிச்சிருக்கு. மூணு" என்றாள் திரும்பாமலே.

அன்று சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள். "ஏங்க, அந்தச் சுவர இடிச்சிரலாம். வழுக்கி விழுந்து இடுப்பொடிஞ்சா அதுக்கு எந்த மூலையக் குத்தம் சொல்றது? அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினாள். நான் பெரிய சண்டையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். மச்சானோ, "அதனாலென்ன, ஜன்னலுக்குக் கீழ ஒரு செம்புத் தகடப் பதிச்சுட்டா ஒண்ணுமாகாது. புது வீடியோவுல அப்படித்தான் சொல்றாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரு வருடம் நான் பக்கெட் ஏறியதற்கு ஒரு செம்புத் தகடுதான் குறையாக இருந்திருக்கிறது.

மேஸ்திரி மறுபடியும் வந்தார். "மூடுனதும் நானு, தொறக்கறதும் நானு" என்று சிரித்தார். பீரோவை நகர்த்தினோம். சாக்பீஸால் சுவரில் பழைய அளவுக்கே நான்கு கோடு போட்டார். உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

என் போன் அடித்தது. பெங்களூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் என் மகள். வேலைக்கான இன்டர்வியூவில் மூன்றாவது சுற்றுக்கு வந்துவிட்டாளாம், திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம். பயமா இருக்குப்பா என்றாள். நல்லா வரும் கண்ணு என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த கையோடு மேஸ்திரியின் தோளைத் தொட்டேன்.

"மேஸ்திரி, திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டுங்க."

சொன்னது நான்தான். பக்கத்தில் மச்சான் இல்லை, என் மனைவியும் அழவில்லை. அவள் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். மேஸ்திரி சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகளுக்கு வேலை கிடைத்தது. அவள் இரவும் பகலும் படித்ததால் கிடைத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் சேர்ந்த புதிதில் எதற்கு என்று ஆறு மாதம் தள்ளினேன். அவள் வேலை நிரந்தரமானபோது என் ரத்தச் சர்க்கரை பார்க்கக் கொடுத்திருந்தேன். இப்போது மகளுக்கு ஒரு வரன் பேச்சு ஓடுகிறது. மேஸ்திரி நடுவில் இரண்டு முறை போன் செய்தார், இப்போது செய்வதில்லை. பீரோ நகர்த்திய இடத்திலேயே நிற்கிறது. காலையில் கண் விழித்தால் எதிரே சுவர், சுவரில் சாக்பீஸ் கோட்டில் என் ஜன்னல். மண்டி மொஹல்லாச் சுவரிலாவது பாசி இருந்தது.

போன வாரம் மச்சான் வந்திருந்தார். சுவரைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார்.

"ஏன் மாப்பிள்ளை இன்னும் இடிக்கல? நான்தான் ஒண்ணுமாகாதுன்னு சொன்னனே."

"எல்லாம் நல்லபடியா போய்ட்டிருக்கு மச்சான். இப்ப எதுக்கு அதப் போய்த் தொட்டுக்கிட்டு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முதல்முறையாக என் தொடையில் தட்டிக்கொடுத்தார். "இப்பத்தான் நீங்க நம்மாளு" என்றார்.

என் மனைவி காபி டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.