பத்தியில் இல்லாதது

"முதியவர் ஏன் மாமரத்தை நட்டார்?" என்பது கேள்வி. அதற்கு மேலே அச்சாகியிருந்த பத்தியில் காரணம் வெளிப்படையாகவே இருந்தது. தன் பேரப்பிள்ளைகள் பழம் தின்னட்டும் என்றுதான் நடுவதாக அந்த முதியவரே ஊராரிடம் சொல்கிறார். அதைப் பார்த்து எழுதினால் போதும். ஆனால் மைனி தன் நோட்டில் எழுதியிருந்த விடை இது: "வீட்டில் அவரோடு பேசுவதற்கு யாரும் இல்லாததால் நட்டார்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிவப்புப் பென்சிலால் அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். மைனியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அப்பிடின்னா எதுக்கு மக்கா ஊர்ல உள்ளவங்க கிட்டயெல்லாம் நின்னு வெளக்கிச் சொல்லுகாரு?" என்று கேட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மைனி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. சுதந்திரம் வந்த மறு வருடம் கல்யாணம் நடந்தது. எட்டு மாதம் கழித்து அண்ணன் கொழும்புக்குப் போனான். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. ஒரு வருடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். முதலில் மாதம் இரண்டு கடிதம் வந்தது, ஒன்று அப்பாவுக்கு, ஒன்று மைனிக்கு. பிறகு அப்பாவுக்கு மட்டும் வந்தது. அதற்குப் பிறகு பொங்கலுக்கும் ஓணத்துக்கும் என்று ஆகி, மூன்றாம் வருடம் அதுவும் நின்றது. மைனிக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீட்டில் அவளுடைய அண்ணன் குடும்பம் இருந்தது. அங்கே போனால் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுவாள்.

எங்கள் வீடு சத்தமில்லாத வீடு. அப்பாவுக்கு வயலும் கோயிலும் தவிர வேறு பேச்சு கிடையாது. அம்மைக்குக் காலில் வாதம். மகன் எழுதாத வருத்தத்தையெல்லாம் அவள் மைனியின் சமையலில் குறை சொல்லித் தீர்த்துக்கொண்டாள். மைனி எதிர்த்துப் பேசியதே இல்லை. சாப்பிட்டு முடித்து அம்மை கண்ணயரும் மத்தியான வேளையில், நெல் பத்தாயம் இருந்த உள்ளறைக்கு மைனி வந்துவிடுவாள். பத்தாயத்தில் சாய்ந்து உட்கார்ந்து என் பாடப் புத்தகங்களைப் படிப்பாள். நான் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்று வீட்டில் இருந்தேன். தனியாகப் பணம் கட்டி மறுபடியும் எழுதலாம் என்று அப்பா அனுமதி கொடுத்திருந்தார். பரீட்சை நாகர்கோவிலில். அத்தனை நாளும் பெண்பிள்ளைக்குத் துணையாக யார் வருவது என்ற பேச்சு எழுந்தபோதுதான் மைனி முதல் முறையாக அப்பாவிடம் வாய் திறந்தாள்.

"நான் கூடப் போறேன் மாமா. சும்மா வெளிய உக்காந்திருக்கதுக்கு, நானும் எழுதிப் பாக்கட்டா?"

அவள் நாலாம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தவள். அம்மைக்குப் பிடிக்கவில்லை. "எம்மவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பெண்டாட்டிய பரிச்சைக்கு அனுப்பினேன்னு சொல்லவா?" என்றாள். அப்பா முற்றத்தைப் பார்த்தபடி, "எழுதட்டு. பிள்ளைக்குத் துணையாச்சு" என்றார். தேறினால் ஆசிரியர் பயிற்சியில் சேரலாம் என்ற எண்ணம் மைனிக்கு அன்றே இருந்திருக்க வேண்டும். என்னிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

கணக்கு அவளுக்குச் சட்டென்று வந்தது. சரித்திரத்தை ஒப்பித்துவிடுவாள். தமிழ்த்தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து ஐந்தாறு கேள்வி கேட்பார்களே, அங்கேதான் ஒவ்வொரு தடவையும் தடுக்கினாள். பழைய கேள்வித்தாள்கள் ஒரு கட்டு என்னிடம் இருந்தன. ஒரு பத்தியில், பாகன் இறந்த பிறகு தீனி எடுக்காத கோயில் யானை. இன்னொன்றில், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர். "அவர் தினமும் என்ன செய்வார்?" என்றால், விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றுவார் என்று எழுத வேண்டும். மைனி, "கரையில் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பார்" என்று எழுதுவாள். எனக்குக் கோபம் வரும்.

"மைனி, உங்க மனசுல உள்ளதக் கேக்கல்ல. பத்தியில என்ன இருக்கோ அத மட்டும் எழுதணும். இல்லாதத எழுதினா மார்க்கு கெடையாது. நல்லாத் தெரிஞ்சதா இருந்தாலும் எழுதப்பிடாது."

"அது எப்பிடிட்டி? பாகன் செத்துப்போனா யானைக்கு எப்பிடி இருக்கும்னு நமக்குத் தெரியும்லா?"

"தெரிஞ்சாலும் எழுதப்பிடாது."

அவள் தலையாட்டினாள். பிறகு பத்தியின் ஒவ்வொரு வரிக்குக் கீழும் விரலை வைத்து, உதடு அசையப் படிக்கத் தொடங்கினாள். கேள்வியை வாசித்ததும் மறுபடி மேலே போய், விடை கிடக்கும் வரியைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் எழுதுவாள். மாசி மாதம் வந்தபோது என் சிவப்புப் பென்சிலுக்கு அவள் நோட்டில் வேலை இல்லாமல் போயிற்று.

கும்பப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில் பரீட்சை வந்தது. வீட்டு வேலையை விடியுமுன்பே முடித்துவிட்டு இருவரும் நாகர்கோவிலுக்குப் போவோம். தனியாக எழுத வந்த பெண்கள் எங்களோடு சேர்த்து நாலு பேர். எங்களை ஜன்னலோரம் ஒரே வரிசையில் உட்கார வைத்தார்கள். மைனி எனக்கு முன் இருக்கையில் இருந்தாள். தமிழ்த்தாளில் வந்த பத்தி ஓர் அஞ்சல் ஓட்டக்காரரைப் பற்றியது. வெள்ளம் போகும் ஆற்றில் அவர் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நீந்துகிறார். பை நனைந்துவிடுகிறது. அக்கரை ஏறியதும் பாறையில் கடிதங்களை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் காயவைக்கிறார். அதோடு பத்தி முடிகிறது. கடைசிக் கேள்வி: "கடிதங்கள் உரியவர்களிடம் சேர்ந்தனவா?"

வெளியே வந்து வாகை மரத்தடியில் பொதிச்சோற்றை அவிழ்த்தபோது, அதற்கு என்ன எழுதினாள் என்று கேட்டேன். நான், "கடமை தவறாத அந்த ஓட்டக்காரர் கடிதங்களை உரியவர்களிடம் சேர்த்தார்" என்று அழகாக எழுதியிருந்தேன். மைனி, "சேர்ந்தனவா என்று பத்தியில் கூறப்படவில்லை" என்று எழுதியிருந்தாள்.

"போச்சு! அவ்வளவு பாடுபட்டுக் காயவச்சவரு கொண்டு குடுக்காமலா இருப்பாரு?" என்றேன்.

"குடுத்திருப்பாரு. ஆனா அதுல இல்லயே. நீதான மக்கா சொன்ன?"

எங்களில் யார் எழுதியது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேர்வு முடிவு வருவதற்கு முன், சித்திரைக் கடைசியில், அண்ணனின் கடிதம் வந்தது. ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு வந்த கடிதம். அப்பாவின் கண்ணாடி உடைந்திருந்ததால் நான்தான் உரக்க வாசித்தேன். அம்மை நீட்டிய காலோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். மைனி அடுக்களை வாசலில் நின்றாள். எல்லோரும் நலமா என்று கேட்டிருந்தான். வயலைப் பற்றியும் அம்மையின் காலைப் பற்றியும் விசாரித்திருந்தான். கடையைப் பெரிதாக்கியிருக்கிறோம், வீட்டையும் கடைக்குப் பின்னாலேயே மாற்றியிருக்கிறோம் என்று எழுதியிருந்தான். காலம் சரிப்பட்டால் ஒரு நடை ஊருக்கு வர வேண்டும் என்று நினைப்பு இருப்பதாக முடித்திருந்தான். அம்மை அழுதுவிட்டாள். "வாறேன்னு எழுதிட்டான் பாத்தியா? ஆவணிக்குள்ள வந்திருவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. அன்று மத்தியானம் பாயசம் வைத்தோம்.

அம்மை கண்ணயர்ந்த பிறகு மைனி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பத்தாயத்தின் பக்கம் வந்தாள். மடியில் விரித்து, பரீட்சைப் பத்தியைப் படிப்பதுபோல, வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தாள். முடிந்ததும் மறுபடி மேலிருந்து படித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நினைப்பு உண்டுன்னு இருக்கு. வாறேன்னு இல்ல" என்றாள்.

"அதுக்கு அதுதான் மைனி அர்த்தம்."

"எல்லாரும் சொகமான்னு கேட்டிருக்கு. எம்பேரு இல்ல." விரல் இன்னும் கீழே இறங்கியது. "மாற்றியிருக்கிறோம்னு இருக்கு. ஆரெல்லாம்னு இல்ல."

"அண்ணனும் மொதலாளியுமா இருக்கும்."

"அது நீ சொல்லுகது. இதுல இல்ல."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் அழுதால் தேவலை என்று தோன்றியது. "நீங்களா எதாவது நெனச்சுக்கிடாதிங்க மைனி" என்றேன்.

"நான் ஒண்ணும் நெனைக்கல்ல. வேற ஆளு இருக்குன்னும் இதுல இல்லதான். இல்லாதத நான் சொல்ல மாட்டேன்." கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்தாள். "இவ்வளவு நாளும் வந்த காயிதத்துலயெல்லாம் இல்லாததத்தான் படிச்சிட்டு இருந்திருக்கேன் மக்கா."

முடிவு வந்தபோது அவள் எண் பத்திரிகையில் இருந்தது. என் எண் இல்லை. மறுபடியும் கணக்குதான். ஆவணியில் அண்ணன் வரவில்லை. அந்த மாதமே மைனி ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்டாள். அம்மை கதவைப் பிடித்துக்கொண்டு, "எம்மவன் வருவான், நீ போனா இந்தப் படி ஏறப்பிடாது" என்றாள். அப்பா தடுக்கவுமில்லை, வழியனுப்பவுமில்லை. தெருமுனை வரை நான் அவளுடைய தகரப்பெட்டியைச் சுமந்துகொண்டு போனேன். அன்று மத்தியானம் பத்தாய அறைக்குள் போனேன். உட்கார முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன். பிறகு பல வருடம் என் மத்தியானங்கள் எல்லாமே அப்படித்தான் கழிந்தன. மருமகள் இறங்கிப்போன வீடு என்று என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தயங்கினார்கள். அவளிடம் நான் கோபப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

எங்கள் நாகர்கோவில் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த அந்த மாதத்தில் அப்பா இறந்தார். தந்தி கிடைத்து, பதினாறுக்கு முந்தின நாள் அண்ணன் வந்து சேர்ந்தான். எட்டு வருடம் கழித்து வந்தவன் தனியாகவே வந்தான். அங்கே தனக்கு யார் இருக்கிறார்கள் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காரியம் முடிந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ ஏன் போனா?" என்று கேட்டான். அதற்கு மறுநாள் நான் குளச்சலுக்குப் பஸ் ஏறினேன்.

மைனி அங்கே சிறுபிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். அவள் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். மதிய மணி அடித்ததும் என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போனாள். கடற்கரையில் மீன் ஏலம் கூவும் சத்தம் அங்கே வரை கேட்டது. அறையில் ஒரு பாய், ஒரு நாற்காலி, அடுக்கி வைத்த பிள்ளைகளின் நோட்டுகள். அப்பாவின் சாவைச் சொன்னதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். பிறகு முகம் கழுவி வந்து எனக்குச் சோறும் உள்ளித் தீயலும் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

"அண்ணன் வந்திருக்கு மைனி."

அவள் கை நின்றது. "என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரா?"

"இல்ல. ஏன் போனான்னு கேட்டுது."

அவள் தீயல் சட்டியை அருகே இழுத்தாள். "மூணு மணிக்கு ஒரு வண்டி இருக்கு" என்றாள். "தீயல் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

பஸ் புறப்படும்வரை என் ஜன்னல் பக்கமே நின்றாள். வண்டி உறுமத் தொடங்கியது. அவள் சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டி, என் காதருகே கேட்டாள்:

"அவருக்கு முடி நரைச்சிருக்காட்டி?"

"காதோரத்துல மட்டும் கொஞ்சம்" என்றேன். அவள் தலையாட்டினாள். கையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணன் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "ஒண்ணும் கேக்கலியா அவ? என்னப் பத்தி?" என்றான்.

"இல்லண்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதை அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவன் மூன்றாம் நாள் புறப்பட்டுப் போனான், பிறகு வரவே இல்லை. மைனி அந்த ஊரிலேயே வேலை பார்த்து, அங்கேயே கண்ணை மூடினாள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பேசிக்கொண்டிருக்க வீட்டில் ஆள் கிடையாது. அவள் அப்படி ஒன்று கேட்டாள் என்பதை அறிந்தவள் நான் ஒருத்திதான். அண்ணனிடம் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே அவன் குளச்சலுக்குப் பஸ் ஏறியிருப்பானோ, என்னவோ.