மாங்காய் வத்தலுக்குப் போட்ட உப்பு

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் நாலே பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, திருப்பத்தூர் மளிகை மண்டிக்காரர் அனுப்பிய வண்டிக்காரர்.

மாங்காய் வத்தல் போட்டுத் தர மண்டிக்காரர் இருபது ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். ஆலங்காயத்து மாந்தோப்பில் காய் வாங்கியதிலும் வீட்டு வாடகையிலும் அது முழுக்கப் போய்விட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கணக்கு சரியாக வராது, பயம் மட்டும் நன்றாக வரும். காயைக் கீறி, உப்பில் ஊறவைத்து, பத்து நாள் வாசலில் பாய் விரித்துக் காயவைத்தபோது காக்கை, மழை, எறும்பு, கண்ணேறு எல்லாவற்றுக்கும் பயந்தேன். உப்புக்குப் பயப்படத் தோன்றவில்லை.

கடை உப்பு விலை ஜாஸ்தி என்று, கூடையில் கொண்டுவந்த ஒருத்தியிடம் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன். கொஞ்சம் பழுப்பாக இருந்தது. ஈர உப்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூட்டை கட்டி முடித்த நேரம், தோல் பதனிடும் டேனரியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் ஒரு கீற்றை வாயில் போட்டார். மெல்லாமல் வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா உப்பு போட்ட?"

"கூடைக்காரி குடுத்தது. ஏன், கரிக்குதா?"

பானையில் மீந்திருந்த உப்பை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். குட்டை முடி இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டது.

"ஆட்டு முடி. பச்சைத் தோலு அழுகாம இருக்கப் போட்ற உப்பு இது. தெனம் தோலை ஒதறி நான்தான் கீழ கொட்றேன். அதை வாரிட்டு வந்து வித்திருக்கா."

கட்டி வைத்திருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

வண்டிக்காரர் வாயில் இருந்ததைத் துப்பினார். "நான் நாலு துண்டு தின்னுட்டேனேம்மா. இனிமே ஆட்டோட ஆடா எனக்கும் ஒரு கட்டு தழை ஒடிச்சுப் போடுங்க."

"அலசிட்டு மறுபடி காய வெச்சா எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார் நாத்தனார். "இருபது ரூபாய்க்கு உங்கப்பன் வூட்லயா போய் நிப்ப?"

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.

"எனக்குத் தெரியுமே அண்ணி," என்றேன். "எந்த வூட்டுப் புள்ள தின்னுச்சோ, இன்னா ஆச்சோன்னு நெனச்சே நான் செத்துடுவேன்."

மூட்டைகளை நானே அவிழ்த்தேன். வீட்டுக்காரர் கொல்லையில் குழி வெட்டி வத்தல் முழுவதையும் புதைத்தார். வண்டி வெறுமனே திரும்பியது.

என் கால் கொலுசை விற்று ஒன்பது ரூபாய் கொடுத்தோம். மண்டிக்காரர் நெருக்கவும் இல்லை, விடவும் இல்லை. பதினொரு ரூபாய் இன்னும் பாக்கி நிற்கிறது.