காலையில் நீளும் கம்பி

தாவீது நல்லவன்தான். ஆனால் அவனுக்குக் கணக்குப் பேய் பிடித்திருந்தது. அதை ஓட்ட எந்தப் பாதிரியாராலும் முடிந்திருக்காது.

கும்மிடிப்பூண்டியில் மின்சார அடுப்பு செய்யும் சின்னப் பட்டறையில் எங்களுக்கு வேலை. எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு சமயம். அதுவரை அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்த தாவீது அங்கே டெஸ்டிங் மேஜைக்கு வந்தான். அவன் மனைவி விக்டோரியா அடுப்புக் கம்பியைச் சுருட்டிக் காயில் சுற்ற வந்தாள். நான் அடுப்புகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குத் தெரிந்த கணக்கு இரண்டே இரண்டு. வோல்டேஜை ஆம்பியரால் பெருக்கினால் வாட்; அதுதான் அடுப்பின் பலம். வகுத்தால் ஓம், கம்பி கரண்டுக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று தெரியும். வோல்டேஜ் இருநூற்று முப்பது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைப் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாகச் சேர்த்துக்கொண்டான். ஆம்பியர் முள் நாலு புள்ளி மூன்றில் நின்றால் ஓம் ஐம்பத்து மூன்று, வாட் ஆயிரம், அடுப்பு பாஸ். இல்லையென்றால் காயில் தலையில் சிவப்புப் பெயின்ட்.

தை பிறந்ததும் விக்டோரியாவின் காயில்கள் மட்டும் அடம்பிடிக்க ஆரம்பித்தன. அவள் தட்டுதான் தினமும் காலையில் முதலில் மேஜைக்கு வரும். முள் மூன்றோடு நின்றுவிடும். இவன் வகுத்துப் பார்த்தால் எழுபத்தேழு ஓம்.

"இன்னாமே, கம்பிய நீளமா சுத்திட்டியா?"

"எல்லம்மா அளக்குற அதே குச்சியிலதான்யா நானும் அளக்குறேன்" என்றாள் விக்டோரியா.

எல்லம்மாவும் காயில் சுற்றுகிறவள்தான். அவள் தட்டு சாயங்காலம் வரும். எல்லாமே பாஸ். தாவீது இரண்டு பேருடைய காயிலையும் பிரித்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தான். ஒரு விரற்கடைகூட வித்தியாசம் இல்லை. விக்டோரியாவின் ரிஜெக்ட் காயில் ஒன்றைச் சாயங்காலம் மாட்டிப் பார்த்தான். நாலு புள்ளி மூன்று! மறுநாள் காலையில் அதையே மாட்டினால் மறுபடி மூன்று.

"காலைல நீளுது, சாயங்காலம் குட்டையாவுது. இது இன்னா கம்பியா, பாம்பா?" என்று என்னிடம் வந்து புலம்பினான். எனக்கென்ன தெரியும்? வைக்கோல் அடைத்துப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவன் நான்.

சூப்பர்வைசர் மணவாளனிடம் போய்ச் சொன்னான். அவர் சிரித்தார்.

"இன்னாப்பா, பொண்டாட்டி காயிலுக்கு மட்டும் சாயங்கால டெஸ்டா?"

அந்த ஒரு சொல் போதும். தாவீது கூனிக் குறுகிப் போனான். அதற்குப் பிறகு பெண்டாட்டி தட்டில் பெயின்டை இரண்டு சொட்டு கூடவே வைத்தான். ஆளாளுக்கு அவனை அரிச்சந்திரன் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எங்கள் எல்லார் எதிரிலும் அவளைக் கேட்டான்:

"நெஜத்த சொல்லு. சாயங்காலம் பாஸானது உன் காயிலா, இல்ல எல்லம்மா காயில எடுத்து உன் தட்டுல மாத்தி வச்சியா?"

விக்டோரியா தூக்குச் சட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரமே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மேகம் கவிந்து பட்டறை இருட்டிப் போனது. அவள் சுற்றிய கடைசித் தட்டு மேஜையில் இருந்தது. பகலில் ஒருநாளும் போடாத விளக்கைப் போட்டார்கள். பல்பு அழுது வடிந்தது. தாவீது அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா சார் பல்பு இப்டி எரியுது?"

"நவரை நடவுப்பா. காலைல பம்புசெட்டெல்லாம் ஓடி கரண்ட இழுத்துக்குது. மத்யானத்துக்கு மேல சரியாப்பூடும்" என்றார் மணவாளன்.

சுவரில் வோல்ட் மீட்டர் ஒன்றும் இருந்தது. ஆயுத பூஜைக்கு அதன் கண்ணாடி நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எங்கள் பட்டறையில் சாமிக்கு வைத்த பொட்டு தானாக உதிரும்வரை யாரும் கைவைக்க மாட்டோம். தாவீதோ சர்ச்சுக்குப் போகிறவன். அவன் துடைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அன்றைக்கு யாரையும் கேட்காமல் நகத்தால் சுரண்டினான். முள் நூற்று அறுபதில் கிடந்தது.

சாக்பீசை எடுத்து மேஜைமேலேயே எழுதினான். நூற்று அறுபதை மூன்றால் வகுத்தால் ஐம்பத்து மூன்று. கம்பி சரியாகத்தான் இருந்தது. பெருக்கினால் நானூற்று எண்பது வாட். பாதிகூட இல்லை. அடுப்புக்குத்தான் பட்டினி. சுற்றினவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மணவாளன் அந்தக் கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்தார். "போய் இட்டாப்பா அவள" என்றார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு தாவீது ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனான்.

விக்டோரியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பம்புசெட்டு, சந்தனம், ஓம், வாட் என்று அவன் மூச்சுவிடாமல் கொட்டினான். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"கம்பி பொய் சொல்லுதான்னு பிரிச்சிப் பாத்தே. அப்பால நான் பொய் சொல்றேன்னே. அந்த இருநூத்தி முப்பது பொய் சொல்லுமான்னு மட்டும் உனுக்குத் தோணவே இல்ல, இல்ல?"

எந்தக் கம்பியிடமும் தாவீது அப்படி முழித்து நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு வேலைக்கு வரேன்" என்றாள். "என் தட்ட சூப்பர்வைசரு டெஸ்ட் பண்ணட்டும். நீ தொடாதே."