மாறாத இடுப்பு

"உலகமே மாறினாலும் என் இடுப்பு மாறாது. அதை நம்பித்தான் கடல் தாண்டி இருக்கிற பொம்பளைங்களுக்குக்கூட பேண்ட் இடுப்புல நிக்குது. தெரிஞ்சுக்கோங்க!"

ஒரு மதிய இடைவேளையில், தையல் தொழிற்சாலையின் இஸ்திரி மேசைமேல் ஏறி உட்கார்ந்து அவள் செய்த பிரகடனம் இது. யாரும் சிரிக்கவில்லை. விஷயம் அப்படி. அங்கே புதிதாக வெட்டும் எந்த உடையானாலும், அதன் சின்ன அளவை அவள் உடம்பில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் தையலுக்குப் போகும். அவளுக்குப் பெயரே 'ஸ்மால்' என்றாகிவிட்டது.

வேலை என்னவோ சும்மா நிற்பதுதான். ஒரு சாண் உயரப் பலகைமேல் ஏறி, கையைத் தூக்கச் சொன்னால் தூக்கி, இறக்கச் சொல்லும்வரை இறக்காமல், இடுப்பைச் சுற்றிக் குண்டூசி வேலி போட்டபின் தும்மலைக்கூட விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். சுற்றிலும் நாலு பேர் கூடி அவள் இடுப்பைப் பற்றி, அவள் அங்கே இல்லாதது மாதிரி, விவாதிப்பார்கள். தையல் வரிசையில் நாளெல்லாம் முதுகு ஒடிந்தவளுக்கு இந்தப் பலகை சிம்மாசனம். இறங்க மனம் வருமா?

சிம்மாசனத்தைக் காப்பாற்ற அவள் அரை வயிறுதான் சாப்பிட்டாள். மூத்த மகள் வயிற்றில் வருவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தாள். மகள் இரண்டு கிலோகூட இல்லாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, அம்மா வெளியே நின்று கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்று அந்தச் சீமாட்டி கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போடும் அளவுக்குத் தேறிவிட்டாள் என்பது வேறு விஷயம். அந்தக் கண்ணாடி மட்டும் அம்மாவின் கனவில் அடிக்கடி வரும்.

இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்பட்டுப் புருஷனோடு டாக்டரம்மாவிடம் போனாள்.

"போன தடவை கர்ப்பமாகும்போதே நீங்க ரொம்ப ஒல்லி. நச்சுக்கொடியும் சின்னதாத்தான் வளர்ந்துச்சு. குழந்தைக்குச் சாப்பாடு, மூச்சு எல்லாமே அது வழியாத்தானே போகணும்?"

"மாசமானதும் நல்லா சாப்பிட்டேனே டாக்டர்!"

"அது உதவிச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நச்சுக்கொடி ஆரம்பத்துலயே வேர் விட்டுடும். அப்போ உடம்புல இருப்பு இல்லைன்னா, பின்னாடி ஈடுகட்டறது கஷ்டம். எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்லை. ஆனாலும் முதல்ல எடை, அப்புறம் குழந்தை."

"அப்போ இவளை நல்லா குண்டாக்கிட்டா பிரமாதமா இருக்குமா?" என்று புருஷன் ஆர்வமாகக் கேட்டான்.

"அய்யய்யோ, வேண்டாம். ரொம்ப பருமனா இருந்தா நச்சுக்கொடி பெருசா இருந்தும் சரியா வேலை செய்யாம போகலாம். குழந்தை அளவுக்கு மீறி வளரவும் வாய்ப்பு இருக்கு. நடுவுல நில்லுங்க, போதும்."

நடுவில் நிற்பதா! அங்கே ஏற்கெனவே 'மீடியம்' என்று ஒருத்தி நின்றுகொண்டிருந்தாளே. எடை ஏறினால் பலகை போகும். ஏறாவிட்டால் மறுபடியும் கண்ணாடிப் பெட்டியோ என்ற பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் குண்டூசி குத்தியது.

அவள் இரண்டையும் ஒரே வயிற்றில் நடத்தப் பார்த்தாள். வீட்டில் முட்டையும் வேர்க்கடலையும் உள்ளே போயின. தொழிற்சாலையில் துணி வெட்டும் கத்தரி மாஸ்டர் டேப்பை எடுத்ததும், அதே வயிறு முதுகெலும்போடு போய் ஒட்டிக்கொண்டது. டேப் பழைய அளவையே காட்டியது. ஆனால் மணிக்கணக்கில் யார்தான் மூச்சைப் பிடிக்க முடியும்? பலகைமேல் நின்ற சிறிது நேரத்தில் பேண்ட் இறுகியது.

"எங்கேயோ இடிக்குதே!" என்று மாஸ்டர் மோவாயைச் சொறிந்தார். துணி சுருங்கியிருக்கும் என்றார்கள். துவைத்த தண்ணீர் சரியில்லை என்றார்கள். மாஸ்டரின் மூக்குக்கண்ணாடிக்குக்கூட வயசாகிவிட்டது. அவள் இடுப்பின்மேல் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிரகடனத்தின் மகிமை! கடைசியில் மாஸ்டர் சின்ன அளவின் மாதிரியையே தளர்த்தி வெட்டினார்.

சரக்கு கப்பலேறியது. பிறகு திரும்பி வந்தது.

"சின்ன அளவு வாங்கினவங்க எல்லாம் ஒரு கையால பேண்டைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறாங்களாம்! உமக்குக் கண்ணு தெரியலைன்னா வீட்டுக்குப் போம்யா!" பலகை இருந்த அறையே அதிர மேலாளர் கத்தினார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துணியிலதான் சார் ஏதோ கோளாறு. நம்ம ஸ்மால் இடுப்பு மாறவே மாறாது. வேணும்னா நீங்களே பாருங்க. ஏறும்மா."

அவள் பலகையைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் வயிறு தானாக உள்ளே போனது. துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார் மாஸ்டர்.

அவள் பலகையில் ஏறவில்லை. கம்பியில் தொங்கிய மீடியம் பேண்ட் ஒன்றை உருவிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் நின்று, நிதானமாக மூச்சை வெளியே விட்டாள். மீடியம் இடுப்பில் கச்சிதமாக நின்றது, பித்தான் அசையவில்லை.

பிறகு தையல் வரிசையில் காலியாக இருந்த மிஷின் ஒன்றைத் தேடிப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.